ஆறு நாள் குழந்தைக்கு மஞ்சள்: காலை வெயில் போதுமா?

கேள்வி: எனக்கு இது இரண்டாவது பிரசவம். 37 வாரத்தில் சுகப்பிரசவம், ஆண் குழந்தை, 2.7 கிலோ. மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் செய்யும்போது "மஞ்சள் 11 இருக்கு, ரெண்டு நாள் கழிச்சு கொண்டுவந்து காட்டுங்க" என்றார்கள். தீட்டு கழியாமல் பச்சைக் குழந்தையை வெளியே எடுக்கக் கூடாது என்று அத்தை சொன்னதால் போகவில்லை. காலையில் முற்றத்தில் வெயில் காட்டுகிறோம். இன்று ஆறாம் நாள். முகத்தில் இருந்த மஞ்சள் இப்போது தொடை வரை இறங்கின மாதிரி இருக்கிறது. ஐந்து மணி நேரம்கூடத் தொடர்ந்து தூங்குகிறான். எழுப்பினால் கொஞ்சம் குடித்துவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறான். எனக்கு ஓ பாசிட்டிவ், அவனுக்கு பி பாசிட்டிவ். மூத்த மகளையும் பிறந்தபோது லைட்டில் வைத்தார்கள். தாய்ப்பாலை இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் பவுடர் பால் கொடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நான் பத்தியம் இருக்காமல் சாப்பிட்டதால்தான் வந்தது என்றும் சொல்கிறார்கள். லைட்டில் வைத்தால் கண் பாதிக்குமா? பின்னாளில் கல்லீரல் கெட்டுப்போகுமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பச்சிளம் குழந்தை மருத்துவரின் பதில்:

உங்கள் கடிதம் கிடைத்ததும் தனியே அனுப்பிய பதிலையே இங்கும் முதலில் வைக்கிறேன்: இன்றே கிளம்புங்கள். நாளைக் காலை வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். பிரசவம் பார்த்த இடத்துக்கே போகலாம். இரவாகிவிட்டால் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே பச்சிளம் குழந்தைகளுக்கான தனிப் பிரிவு இரவும் பகலும் இயங்கும், செலவு கிடையாது. வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன்பும் வழியிலும் பால் கொடுங்கள்.

இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், நீங்கள் தனித்தனியாகச் சொல்லியிருக்கும் நான்கு செய்திகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. முதலாவது, 37 வாரம். இதை நிறைமாதம் என்றுதான் சொல்வோம், ஆனாலும் 39, 40 வாரக் குழந்தையைவிட இந்தக் குழந்தைக்குக் கல்லீரல் முதிர்ச்சியும் பால் உறிஞ்சும் பலமும் குறைவு. இரண்டாவது, தாய்க்கு ஓ, குழந்தைக்கு பி. ஓ வகைத் தாயின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், அவனுடைய சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். எல்லாக் குழந்தைக்கும் இது நடப்பதில்லை, நடந்தால் மஞ்சள் வேகமாக ஏறும். மூன்றாவது, மூத்த குழந்தைக்கு லைட் சிகிச்சை தேவைப்பட்டிருக்கிறது. நான்காவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது: தூக்கம். ஆறு நாள் குழந்தை இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பசித்து எழ வேண்டும். ஐந்து மணி நேரம் அசையாமல் தூங்கினால் அது சமர்த்து இல்லை. பால் போதாமல் சோர்ந்திருக்கலாம், மஞ்சள் ஏறியதாலும் மந்தமாகியிருக்கலாம்.

இந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பழி சொல்வது பாதி குறையும். வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்குச் சிவப்பணுக்கள் நிறைய. பெரியவர்களுக்கு அவை 120 நாள் வாழும், பிறந்த குழந்தைக்கு 70 முதல் 90 நாள்தான். உடையும் அணுக்களிலிருந்து வருவதுதான் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள். பிறக்கும்வரை அதைத் தாயின் உடம்பு வெளியேற்றிக் கொடுத்தது. பிறந்த பிறகு குழந்தையின் கல்லீரலே அந்த வேலையைச் செய்ய வேண்டும், அதற்கான நொதி பிறந்த நேரத்தில் மிகக் குறைவு. அதனால் நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேருக்கும், குறைமாதத்தில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் கண்ணுக்குத் தெரியும். பெரியவர்களுக்குக் கிருமியால் வரும் காமாலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது ஒட்டாது. நீங்கள் சாப்பிட்ட பப்பாளியோ குழம்பில் போட்ட மஞ்சள் தூளோ குழந்தையின் தோலுக்கு நிறம் கொடுக்காது. எனவே பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் காய்கறியையும் குறைக்காதீர்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிடுங்கள்.

"11 தானே, போன வாரம் இன்னொரு குழந்தைக்கு 14 இருந்துச்சு, ஒண்ணும் செய்யலையே" என்று வார்டில் பேசிக்கொள்வார்கள். ரத்தத்தில் பிலிருபின் எவ்வளவு (ஒரு டெசிலிட்டரில் எத்தனை மில்லிகிராம்) என்று சொல்லும் இந்த எண்ணைத் தனியாக வைத்து எதுவும் சொல்ல முடியாது. குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆகிறது, எத்தனை வாரத்தில் பிறந்தது, அணுக்கள் உடைகின்றனவா என்று மூன்றையும் சேர்த்து ஒரு வரைபடத்தில் வைத்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். 24 மணி நேரத்தில் 14 என்றால் உடனே சிகிச்சை வேண்டும். நிறைமாத ஆரோக்கியக் குழந்தைக்கு ஐந்தாம் நாளில் அதே 14 என்றால் பெரும்பாலும் பால் கொடுத்துக் கவனித்தாலே போதும். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் எந்தக் குழந்தைக்கும் அது இயல்பு இல்லை. சாதாரண மஞ்சள் இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி, மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் வடியும். உங்களை ஐந்தாம் நாள் வரச் சொன்னது அந்த உச்சத்தைப் பார்க்கத்தான். மூன்றாம் நாள் எண்ணை வைத்து ஆறாம் நாள் நிலைமையைச் சொல்ல யாராலும் முடியாது.

மஞ்சள் முகத்தில் தொடங்கி நெஞ்சு, வயிறு, தொடை, கடைசியில் உள்ளங்கை உள்ளங்கால் என்று இறங்கும். நீங்கள் தொடை வரை கவனித்திருப்பது நல்ல கவனிப்பு. பார்க்கும் முறை இது: பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, துணியை விலக்கிவிட்டு நெற்றி, நெஞ்சு, முழங்கால் ஆகிய இடங்களில் விரலால் இரண்டு விநாடி அழுத்தி எடுங்கள். ரத்தம் விலகிய அந்த நொடியில் தெரிவதுதான் தோலின் உண்மை நிறம். மாநிறக் குழந்தைக்கு ஈறையும் கண்ணின் வெள்ளையையும் பாருங்கள். பிரசவித்த அறையின் ஜன்னலை அடைத்து மஞ்சள் பல்பு போட்டுவைத்திருந்தால் எதுவும் தெரியாது. மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினாலும் அப்படித்தான். கண்ணால் பார்ப்பது கவனிக்க உதவும், அளக்க உதவாது. தொடை வரை வந்துவிட்டது என்றால் ரத்தத்தில் அளந்தே ஆக வேண்டும்.

இனி வெயில். வெயில் காட்டும் வழக்கத்தில் ஒரு உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற செவிலியர் குழந்தைகளை வெயிலில் வைத்து எடுத்து வருவது வழக்கம். துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருக்க, வெயில் பட்ட இடம் வெளுத்திருந்த ஒரு குழந்தையை அவர் மருத்துவர்களிடம் காட்டினார். லைட் சிகிச்சை அங்கிருந்துதான் பிறந்தது. ஆனால் பிலிருபினை மாற்றுவது வெயிலின் சூடு அல்ல, அதில் இருக்கும் நீல ஒளி. அந்த ஒளி வெறும் தோலில், உடம்பின் பெரும்பகுதியில், பல மணி நேரம் பட வேண்டும். துணி சுற்றி முகத்தை மட்டும் காட்டிப் பத்து நிமிடம் வைப்பதில் அது கிடைக்காது. அதற்காகக் குழந்தையை நேர் வெயிலில் மணிக்கணக்கில் வைத்தால் புறஊதாக் கதிரும் சூடும் தோலைப் பொசுக்கும், உடம்பில் நீர் வற்றும். மார்கழிக் காலை என்றால் வெற்றுடம்பு குளிர்ந்துவிடும். நைஜீரியாவில் வெயிலை வைத்துச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். புறஊதாக் கதிரைத் தடுக்கும் தனித் தாள் போட்ட கூடாரத்துக்குள், மருத்துவமனைக் கண்காணிப்பில் செய்தது அது. முற்றத்தில் செய்ய முடியாது. வீட்டு டியூப் லைட்டுக்கு அடியில் படுக்க வைப்பதும் வீண்தான். வெயில் காட்டுவதில் இருக்கும் பெரிய கெடுதல், "வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது" என்ற நிம்மதியில் இரண்டு நாள் போய்விடுவது.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் யோசனை. மஞ்சள் உடம்பை விட்டுப் போகும் முக்கிய வழி மலம். முதல் இரண்டு நாள் வரும் கருப்பு மலத்தில் பிலிருபின் நிறைய இருக்கும். அது குடலிலேயே தங்கினால் மறுபடி ரத்தத்துக்குள் உறிஞ்சப்படும். சீம்பால் அதை இளக்கித் தள்ளும். பால் உள்ளே போகப் போக மலம் கருப்பிலிருந்து பச்சை, பச்சையிலிருந்து மஞ்சள் என்று மாறும், நான்கைந்து நாளில் மாறியிருக்க வேண்டும். முதல் வாரத்தில் பால் குறைந்தால்தான் மஞ்சள் கூடும். சேனை என்று தொட்டு வைக்கும் சர்க்கரைத் தண்ணீர் வயிற்றை நிரப்பும், பசியை அடக்கும், மலத்தைக் கொண்டுவராது. தேன் ஒரு வயது வரை எந்தக் குழந்தைக்கும் கூடாது.

ஆறாம் நாளில் பால் போதுமா என்பதை வெள்ளைத் துணி சொல்லும். 24 மணி நேரத்தில் ஆறு முறைக்கு மேல் சிறுநீர் நனைய வேண்டும், அது நிறமில்லாமல் இருக்க வேண்டும். மஞ்சள் மலம் மூன்று நான்கு முறையாவது போக வேண்டும். துணியில் செங்கல் பொடி மாதிரி ஆரஞ்சு சிவப்பாகக் கறை படிந்தால் குழந்தைக்கு நீர் போதவில்லை என்று அர்த்தம். பலர் அதை ரத்தம் என்று பயப்படுவார்கள், சிலர் சூடு என்று விட்டுவிடுவார்கள். இரண்டும் இல்லை, சிறுநீர் கெட்டியாகி உப்பு படிந்திருக்கிறது. எடையும் பாருங்கள்: முதல் நாட்களில் கொஞ்சம் குறைவது இயல்பு, பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. உங்கள் மகன் 2.43 கிலோவுக்குக் கீழே போயிருந்தால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் கொடுக்க வேண்டும், இரவும் சேர்த்து. தூங்கும் குழந்தையை எழுப்ப முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள். சுற்றிய துணியை அவிழ்த்து, டயபரை மாற்றி, உள்ளங்காலைத் தேய்த்து, வெற்று நெஞ்சில் போட்டு அணைத்துக்கொள்ளுங்கள். வாய் அகலத் திறந்த பிறகே மார்பில் வையுங்கள். காம்பு மட்டும் வாயில் இருந்தால் உங்களுக்கு வலிக்கும், அவனுக்குப் பால் வராது. கீழுதடு வெளியே மடிந்து, தாடை மார்பில் பதிந்து, விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். அப்படியும் இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டால் கையால் பீய்ச்சிப் பாலாடையில் (மூக்கு வைத்த சின்னப் பால் கிண்ணத்தில்) கொடுங்கள். 2.7 கிலோ குழந்தைக்கு ஆறாம் நாளில் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 35 முதல் 45 மில்லி, நாளைக்கு எட்டு ஒன்பது வேளை. பாலாடையைக் கொதிக்க வைத்து எடுத்து, குழந்தையின் தலையை உயர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை வாயோரத்தில் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாய்க்க வேண்டும். விழுங்கின பிறகே அடுத்த வாய். எடை அதிகம் குறைந்து உங்களுக்கும் பால் போதாவிட்டால் மருத்துவரே சில வேளைக்கு அளவாகக் கூடுதல் பால் எழுதிக் கொடுக்கலாம். அது தாய்ப்பாலோடு சேர்த்துத் தருவது, தாய்ப்பாலை நிறுத்துவது வேறு.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதற்கும் ஒரு மூலம் உண்டு. நன்றாகக் குடித்து எடை ஏறும் சில குழந்தைகளுக்குத் தாய்ப்பாலாலேயே லேசான மஞ்சள் இரண்டு மூன்று மாதம்கூட நீடிக்கும். அது இரண்டாம் வாரத்துக்குப் பிறகு பேச வேண்டிய விஷயம், அப்போதும் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தைக்குப் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துச் சுற்றுவது நல்ல வழக்கம், ஆனால் அந்தப் புடவை பீரோவில் பாச்சை உருண்டையோடு இருந்ததா என்று முகர்ந்து பாருங்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு, அந்த நாஃப்தலீன் வாசனையே சிவப்பணுக்களைக் கொத்தாக உடைத்துவிடும். மஞ்சள் சில மணி நேரத்தில் எகிறும். துவைத்து வெயிலில் காயவைத்தாலும் வாசனை முழுதாகப் போகாது. அந்தத் துணிகளையும், பாச்சை உருண்டை கிடந்த தொட்டில் துணியையும் ஒதுக்கிவிட்டு வேறு எடுங்கள். கீழாநெல்லி அரைத்து ஊற்றுவது, உரை மருந்து, கண்ணில் சாறு விடுவது, சூடு போடுவது எதையும் இந்தக் குழந்தைக்குச் செய்ய விடாதீர்கள். ஆறு நாள் குழந்தைக்குக் கிருமித் தொற்றும் புரையேறலும் மஞ்சளைவிட வேகமாக உயிரை எடுக்கும்.

மருத்துவமனையில் ரத்தத்தில் மொத்த பிலிருபின், அதில் நேரடி பிலிருபின் (கல்லீரல் மாற்றி முடித்த வடிவம்) எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஓ-பி பொருத்தமின்மை இருப்பதால், குழந்தையின் சிவப்பணுக்களில் தாயின் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று காட்டும் கூம்ஸ் பரிசோதனையும், ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஜி6பிடியும் தேவையா என்று கேளுங்கள். நெற்றியில் வைத்து அளக்கும் கருவி முதல்கட்டத்துக்குச் சரி, அளவு அதிகம் காட்டினால் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

லைட்டில் வைத்தால் கண்ணை மூடும் பட்டை போடுவார்கள், அதனால் கண்ணுக்கு ஆபத்தில்லை. பட்டை நழுவி மூக்கை அடைக்கிறதா, கண் வெளியே தெரிகிறதா என்று அவ்வப்போது பார்ப்பது உங்கள் வேலை. அந்த விளக்கில் வருவது நீல ஒளி, புறஊதாக் கதிர் அல்ல. கல்லீரலின் நொதி மாற்றித் தராமலே சிறுநீரிலும் பித்தத்திலும் போகக்கூடிய வடிவத்துக்கு அது பிலிருபினை மாற்றுகிறது. அதனால் சிறிய டயபர் தவிர உடம்பில் துணி வேண்டாம், எண்ணெயோ பவுடரோ பூச வேண்டாம். பக்கத்தில் இருந்து பார்க்க முடியாமல் தவிக்கும் தாய்மார்களுக்கு: பாலுக்காக இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை அரைமணி நேரம் வெளியே எடுப்பதால் சிகிச்சை கெடாது, தயங்காமல் கேட்டு வாங்கிக் கொடுங்கள். மலம் பச்சையாக இளகிப் போகும், தோலில் தடிப்பு வரலாம், இரண்டும் நின்றுவிடும். லைட்டில் இருந்த குழந்தையின் தோல் வெளுத்துத் தெரியும், ரத்தத்தில் மஞ்சள் இன்னும் அதிகமாகவே இருக்கலாம். ஆகவே "நிறம் போயிடுச்சு" என்று நீங்களே டிஸ்சார்ஜ் கேட்க வேண்டாம். அணுக்கள் உடையும் குழந்தைகளுக்கு லைட்டை நிறுத்திய பிறகு மஞ்சள் திரும்ப ஏறக்கூடும், எனவே 12 முதல் 24 மணி நேரம் கழித்து இன்னொரு முறை அளப்பது முக்கியம்.

அளவு மிக அதிகமாகப் போனால் பிலிருபின் மூளைக்குள் படியும். முதலில் மந்தம், உறிஞ்சாமை, துவண்ட உடம்பு. அடுத்து கீச்சென்ற அழுகை, உடம்பை வில்லாகப் பின்னால் வளைப்பது, காய்ச்சல், வலிப்பு. அதற்குப் பிறகு வரும் காது கேளாமையும், கை கால் கட்டுப்பாடில்லாமல் அலையும் மூளை முடக்குவாதமும் சரிசெய்ய முடியாதவை. அந்த எல்லையை நெருங்கினால் ரத்தம் மாற்றுவார்கள். இதெல்லாம் உங்கள் மகனுக்கு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. மந்தம் என்ற முதல் படியிலேயே வந்தால் பெரும்பாலும் லைட்டே போதும், அதற்காகத்தான் இன்று போகச் சொல்கிறேன்.

தீட்டைப் பற்றி அத்தையிடம் வாதாட வேண்டாம். மருத்துவமனைக்கு அவரையும் கூட்டிப் போங்கள். எண்ணை மருத்துவர் அவரிடமே சொல்லட்டும். வீட்டுக்கு வந்து பார்க்கும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சொல்லி வையுங்கள், பெரியவர்கள் அவர் பேச்சைக் கேட்பார்கள்.

கல்லீரல் பற்றிய உங்கள் கடைசிக் கேள்வி. முதல் வாரத்தில் வந்து வடியும் மஞ்சளால் பின்னாளில் கல்லீரலுக்கு எதுவும் ஆகாது. ஆனால் 14 நாளைத் தாண்டியும் கண்ணில் மஞ்சள் இருந்தால் மறுபடி காட்டுங்கள். அப்போது மலத்தின் நிறத்தைத் தினமும் பாருங்கள். சுண்ணாம்பு போலவோ வெளிறிய களிமண் போலவோ மலம் போய், சிறுநீர் துணியில் அடர்மஞ்சள் கறை பிடித்தால் அது பித்தநாளம் அடைபட்ட அறிகுறியாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம், எனவே "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நேரடி பிலிருபினும் தைராய்டும் அந்த வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். இப்போது அளவு மிக அதிகமாக இருந்து சிகிச்சை எடுத்திருந்தால், வீட்டுக்கு வரும் முன் செவித்திறன் பரிசோதனைக்கும் தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.